கணவர் வங்குரோத்துக்குக் கையெழுத்து வைக்கப் போகிறார்: என் கனடா விண்ணப்பம் என்ன ஆகும்?

முரசுமோட்டை மருமகள் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே வாசித்துவிட்டுப் போகிறவள். இன்று எழுத வேண்டியதாகிவிட்டது.

எங்களுக்குக் கலியாண எழுத்து முடிந்து இரண்டரை வருடம். அவர் ஸ்காபரோவில் இருக்கிறார். மாசியில் என்னை அங்கே எடுக்க ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டார். வைகாசியில் நான் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் கைரேகை கொடுத்தேன், மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. இனிக் காத்திருப்பதுதான் மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

நேற்று இரவு அழைத்து, "ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது" என்று தொடங்கினார். நண்பருடன் கூட்டாக எடுத்த சாப்பாட்டுக் கடை போன வருடமே மூடப்பட்டுவிட்டதாம். நண்பர் கைவிரித்துவிட்டார். கடன் அட்டைகள், வங்கிக் கடன், தமையனிடம் வாங்கிய 7,000 என்று எல்லாமாக 58,000 டொலர் இவருடைய தலையில். கடனைக் கட்ட முடியாதென்று வருகிற வெள்ளிக்கிழமை வங்குரோத்துக்குக் கையெழுத்து வைக்கப் போகிறாராம். "ஒன்பது மாதத்தில் எல்லாம் துடைத்துவிடும், உன் விசாவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை, இரண்டும் வேறு வேறு இலாகா" என்கிறார்.

மாமியோ, விசா வரும்வரை வாயைத் திறக்காதே என்கிறார். வெள்ளிக்கு இன்னும் ஐந்து நாள். உண்மையிலேயே தொடர்பு இல்லையா?

மாங்குளத்தான் (லண்டன்) | ஞாயிறு, இரவு 11.15

தங்கச்சி, பயப்பட வேண்டாம். கடன் என்பது வங்கிக்கும் அவருக்கும் இடையிலான விஷயம். என் மச்சான் இங்கே வங்குரோத்து அடித்தவர், மனைவியையும் எடுத்தவர். இங்கே பார்ப்பது வருமானத்தைத்தான். முன்பு 18,600 பவுண், 2024 சித்திரையிலிருந்து 29,000. அந்தச் சம்பளம் இருந்தால் பழைய கடனை எவரும் கிளற மாட்டார்கள். வங்குரோத்தும் பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். கணவர் சொல்வது சரி.

பழைய எழுதுவினைஞர் (ரொறன்ரோ) | திங்கள், காலை 6.05

பிள்ளை, முதலில் ஒன்று: வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்து வைக்கக் கூடாது. விளக்கத்தைப் பிறகு வாசியுங்கள், அவருக்கு இப்போதே அழைத்துச் சொல்லுங்கள்.

மாங்குளத்தான் தம்பி சொன்னது லண்டனுக்குச் சரியாக இருக்கலாம். இது கனடா. இங்கே கதை நேர்மாறு. மனைவியை மட்டும் எடுப்பதற்கு இவ்வளவு வருமானம் வேண்டும் என்ற எல்லை கிடையாது. ஆனால் வங்குரோத்தாகி இன்னும் விடுவிக்கப்படாத ஒருவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. குடிவரவு, அகதிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் 133ஆம் பிரிவில் இது கறுப்பு வெள்ளையாக இருக்கிறது. அவர் நிரப்பிய ஐ.எம்.எம். 1344 படிவத்திலும் அந்தக் கேள்வி உண்டு. மாசியில் "இல்லை" என்று குறித்திருப்பார். அப்போது அது உண்மை.

பலர் சறுக்குகிற இடம் இதுதான். "விண்ணப்பம் போட்ட அன்று நான் வங்குரோத்து இல்லையே" என்பார்கள். விதி விண்ணப்பம் போட்ட நாளோடு நின்றுவிடுவதில்லை. போட்ட நாள் முதல் முடிவு வருகிற நாள் வரை ஸ்பொன்சர் தகுதியோடு இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் வங்குரோத்தானாலும் தகுதி போய்விடும். ஒன்பது மாதம் கழித்து விடுவிப்புக் கிடைத்தால் அவர் மறுபடி ஸ்பொன்சர் செய்யலாம், அதற்கு வாழ்நாள் தடை எதுவும் இல்லை. ஆனால் புதுப் படிவம், புதுக் கட்டணம், வரிசையின் கடைசியில் புது இடம்.

நான் சட்டத்தரணி அல்ல. குடிவரவு சட்டத்தரணி ஒருவரிடம் 11 வருடம் எழுதுவினைஞராக இருந்து கோப்பு அடுக்கியவன். மேலே சொன்னதை அவருடைய வங்குரோத்தை நடத்தப்போகிற ட்ரஸ்டியிடமும் ஒரு குடிவரவு சட்டத்தரணியிடமும் கேட்டு உறுதிப்படுத்தட்டும். ட்ரஸ்டிக்குக் கடன் சட்டம் தெரியும், குடிவரவு அவருடைய வேலை அல்ல. கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்.

முரசுமோட்டை மருமகள் | திங்கள், காலை 7.30

ஐயா, நன்றி. உடனே அழைத்தேன், இரவு வேலையில் இருக்கிறார், எடுக்கவில்லை. குறுஞ்செய்தி போட்டிருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். கடை மூடிய பிறகு நான்கு மாதம் வேலையில்லாக் காப்புறுதிக் காசு எடுத்தாராம். அதுவும் பிழையா?

பழைய எழுதுவினைஞர் | திங்கள், காலை 7.52

அது பிழையில்லை. வேலையில்லாக் காப்புறுதி அவருடைய சம்பளத்தில் வெட்டிக் கட்டிய காசு. தடை இருப்பது சமூக உதவிப் பணத்துக்கு, எங்கள் ஆட்கள் 'வெல்ஃபெயர்' என்று சொல்வார்களே, அது. அதிலும் உடல் இயலாமைக்காக எடுத்தால் விலக்கு உண்டு.

நெடுங்கேணி ராசன் (மிஸிஸாகா) | திங்கள், மாலை 4.20

ஐயா சொன்னதற்கு உயிருள்ள உதாரணம் நான்தான். பெருமையாகச் சொல்லவில்லை.

2016இல் மனைவிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, அடுத்த பங்குனியில் வங்குரோத்துக்குக் கையெழுத்து வைத்தேன். விண்ணப்பத்தை நிரப்பித் தந்த முகவரிடம் முன்கூட்டியே கேட்டேன். "இதையெல்லாம் அவர்கள் பார்க்க மாட்டார்கள்" என்றார். வங்குரோத்துப் பதிவேடு பொதுப் பதிவேடு, காசு கட்டினால் யாரும் தேடிப் பார்க்கலாம் என்பது அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கடிதம் வந்தது. தகுதி இல்லை. அதோடு என் வருமானம் ட்ரஸ்டி கணக்கிட்ட எல்லைக்கு மேலே போனதால் ஒன்பது மாதம் 21 மாதமாகிவிட்டது. இதையும் எனக்கு முதலில் எவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன், மேலதிகமாக வந்ததில் பாதியைக் கட்டினேன். இரவு வேலை கூடச் செய்தால் கடன் சீக்கிரம் முடியும் என்று நினைத்து ஓடியதே காலத்தை நீட்டிவிட்டது.

விடுவிப்புப் பத்திரம் கையில் வந்த பிறகு மறுபடி போட்டோம். மகள் நெடுங்கேணியில் பிறந்தாள், அங்கேயே நடக்கப் பழகினாள். நான் அவளை முதன்முதலில் தூக்கியபோது என்னைப் பார்த்து அழுதுவிட்டு அம்மப்பாவிடம் தாவிவிட்டாள். தங்கச்சி, கையெழுத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

மாங்குளத்தான் | திங்கள், மாலை 5.02

நான் எழுதியதை விட்டுவிடுங்கள். மன்னிக்கவும். நாட்டுக்கு நாடு இவ்வளவு மாறும் என்று நினைக்கவில்லை.

முரசுமோட்டை மருமகள் | செவ்வாய், காலை 5.50

பேசிவிட்டேன். முதலில் சத்தம் போட்டார். நெடுங்கேணி அண்ணா எழுதியதைத் திரையில் படம் பிடித்து அனுப்பினேன், அதற்குப் பிறகு நெடுநேரம் பேச்சில்லை. "அப்படியென்றால் நான் என்ன செய்வது? ஒவ்வொரு நாளும் வசூல்காரர்கள் வேலையிடத்துக்கு அழைக்கிறார்கள்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

விசா வந்து நான் போய் இறங்கிய பிறகு அவர் வங்குரோத்துக்குப் போனால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

பழைய எழுதுவினைஞர் | செவ்வாய், காலை 8.10

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. நீங்கள் நிரந்தர வதிவிடம் பெற்று இறங்கிய பிறகு அவர் வங்குரோத்தானால் உங்கள் வதிவிடத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உங்களைப் பராமரிப்பேன் என்று அவர் கொடுத்த உறுதிமொழி மூன்று வருடத்துக்கு அப்படியே இருக்கும். கடனைத் துடைக்கும் வங்குரோத்து அந்த உறுதிமொழியைத் துடைக்காது.

அதுவரை வசூல்காரர்களை எப்படித் தாங்குவது? வங்குரோத்துக்கும் சும்மா இருப்பதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதை இங்கே 'கன்சூமர் புரொப்போசல்' என்கிறார்கள். வங்குரோத்தை நடத்துகிற அதே உரிமம் பெற்ற ட்ரஸ்டிதான் இதையும் செய்வார். "முழுவதையும் கட்ட என்னால் முடியாது, இவ்வளவைக் கட்டுகிறேன்" என்று கடன்காரர்களுக்கு முன்மொழிவது. குடியிருக்கும் வீட்டின் அடமானத்தைத் தவிர்த்துக் கடன் 250,000 டொலருக்கு உட்பட்டிருந்தால் இந்த வழி திறந்திருக்கும். கடன்காரர்களுக்கு 45 நாள். அதற்குள் கூட்டம் கூட்டச் சொல்லி எவரும் கேட்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். அதிகபட்சம் ஐந்து வருடத்தில் கட்டி முடிக்க வேண்டும். பதிவு செய்த அன்றே வட்டியும் வசூல் அழைப்பும் நின்றுவிடும்.

இதில் உங்களுக்கு வேண்டிய சொல் ஒன்றுதான். முன்மொழிவு போட்டவர் வங்குரோத்தானவர் அல்ல. 133ஆம் பிரிவு தடுப்பது விடுவிக்கப்படாத வங்குரோத்தை. முன்மொழிவு அங்கே இல்லை.

எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத் தவணை நிலுவையானால் முன்மொழிவு இரத்தாகி, பழைய கடன் முழுவதும் எழுந்து நிற்கும். கட்டக்கூடிய தொகையைத்தான் எழுத வேண்டும், வீரத்துக்கு எழுதக் கூடாது.

பரந்தன் வியாபாரி | செவ்வாய், மதியம் 12.40

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. வங்குரோத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். கோப்பு எல்லாம் கணினிதான் பார்க்கிறது. எங்கள் சனம் என்னென்ன மறைத்துப் போயிருக்கிறது.

பழைய எழுதுவினைஞர் | செவ்வாய், மதியம் 1.15

தம்பி, உங்களுக்கு இது ஒரு கருத்து. இந்தப் பிள்ளைக்கு ஐந்து வருடம். பொய்யான தகவல் கொடுத்ததாகவோ முக்கியமானதை மறைத்ததாகவோ முடிவெடுத்தால் விண்ணப்பதாரருக்கு ஐந்து வருடத் தடை. மறைத்தது கணவராக இருந்தாலும் அடி மனைவிக்கும் விழலாம். வங்குரோத்தால் வரும் மறுப்பு ஒன்பது மாதத்தில் ஆறும் காயம். இது அப்படி ஆறாது.

முரசுமோட்டை மருமகள் | செவ்வாய், இரவு 8.30

ஐயா, முன்மொழிவு என்றால் சொத்து விபரமும் கொடுக்க வேண்டுமாம். இங்கே இரண்டு காணி இருக்கிறது. ஒன்று, அப்பா எனக்குச் சீதனமாக எழுதிய வயல், முரசுமோட்டையில். மற்றது கிளிநொச்சியில் நான்கு பரப்பு, 2019இல் அவர் அனுப்பிய காசில் வாங்கி அவருடைய பெயரில் உறுதி முடித்தது. கனடாவில் உள்ள கடனுக்குக் கிளிநொச்சிக் காணியையும் காட்ட வேண்டுமா?

பரந்தன் வியாபாரி | செவ்வாய், இரவு 8.55

அதை இந்தக் கிழமையே உங்கள் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதிவிடுங்கள். பிறகு காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

தருமபுரம் அக்கா | செவ்வாய், இரவு 9.20

வியாபாரித் தம்பி, உங்கள் ஆலோசனைகள் எல்லாம் வேறு ஆட்கள் மறியலுக்குப் போவதற்காகவே இருக்கின்றன.

பழைய எழுதுவினைஞர் | புதன், காலை 6.30

அக்கா சிரிப்பாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். கனடாச் சட்டத்தில் சொத்து என்றால் உலகத்தில் எங்கிருந்தாலும் சொத்து. கிளிநொச்சியும் அதில் அடக்கம். கணவன் மனைவிக்கிடையில் விலையில்லாமல் கைமாறிய சொத்தை, வங்குரோத்துக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் நடந்திருந்தால் நேராகவும், நிலைமையைப் பொறுத்து ஐந்து வருடம் பின்னோக்கியும் கிளற முடியும். மறைத்தால் அது குற்றம்.

சீதன வயல் உங்களுடையது. வடபகுதித் தமிழருக்கான தேசவழமைச் சட்டத்தின்படி அதை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவைப்படுகிறது என்பதற்காக அது அவருடையதாகிவிடாது. உறுதியின் பிரதியோடு அதை விளக்கிச் சொல்லட்டும். அந்த வயல் உறுதிக் காணியா, குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் அரசு கொடுத்த பெர்மிட் காணியா என்றும் பாருங்கள். பெர்மிட் என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் எவருக்கும் கைமாற்றவே முடியாது. அதை ஆங்கிலத்தில் ஒரு பந்தி எழுதி இணைத்தால் ட்ரஸ்டிக்கு விளங்கும்.

நான்கு பரப்பைக் காட்டத்தான் வேண்டும். காட்டினால் பறித்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. வங்குரோத்தில் கடன்காரர்களுக்கு என்ன கிடைத்திருக்குமோ அதைவிடக் கொஞ்சம் கூடவாக முன்மொழிவு இருக்க வேண்டும், அந்தக் கணக்குக்காகவே கேட்கிறார்கள். ஒரு மதிப்பீட்டாளரின் கடிதம் எடுத்து வையுங்கள்.

தமையனின் 7,000ஐயும் பட்டியலில் போட வேண்டும். "அண்ணனின் காசை முதலில் கொடுத்துவிட்டு மற்றவர்களைப் பார்ப்போம்" என்று நினைத்திருப்பார், எல்லாரும் நினைப்பதுதான். பிறகு எப்போதாவது வங்குரோத்துக்குப் போக நேர்ந்தால், உறவினருக்கு முந்திக் கொடுத்ததை 12 மாதம் பின்னோக்கிப் பார்த்து அண்ணனிடமிருந்தே திருப்பிக் கேட்கலாம். அண்ணனும் வங்கியைப் போல வரிசையில் நிற்கட்டும்.

தருமபுரம் அக்கா | புதன், மதியம் 2.05

சட்டம் ஐயா சொல்கிறார். நான் வேறொன்று சொல்ல வேண்டும்.

58,000 டொலர் ஒரு நாளில் வந்த கடன் இல்லை. இந்தப் பிள்ளை மாசியில் படிவத்துக்குக் கையெழுத்துப் போடும்போது கடை மூடியாயிற்று. சொல்லவில்லை. இங்கே நாங்கள் கிழமைக்கு ஒரு தடவை நுண்கடன்காரன் மோட்டார் சைக்கிளை வேலியோடு சாய்த்துவிட்டு வாசலில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நான்கு பேரும் கட்ட வேண்டும். அதனால் எங்கள் கடன் ஊருக்கே தெரியும். 2022இல் நாடே வங்குரோத்து என்று வானொலியில் சொன்னார்கள், அதையும் ஒளிக்கவில்லை. கனடாவில் இருக்கும் ஆண்களின் கடன் மட்டும் கடைசி நாள் வரை யாருக்கும் தெரிவதில்லை. இங்கே மாமியார் மகன் அனுப்புகிற காசில் திருவிழாவுக்கு உபயம் செய்கிறார்.

முரசுமோட்டைத் தங்கச்சி, முன்மொழிவின் ஒவ்வொரு பக்கமும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று சொல்லுங்கள். ஐந்து வருடத் தவணையை நீங்களும் சேர்ந்துதான் கட்டப்போகிறீர்கள்.

நெடுங்கேணி ராசன் | புதன், மாலை 6.40

அக்கா, ஒளித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வெட்கம்தான் காரணம். ஏமாற்றும் எண்ணம் இல்லை. வன்னியிலிருந்து வந்தவன் இங்கே விழுந்துவிட்டான் என்று ஊருக்குச் சொல்ல நா எழாது.

தருமபுரம் அக்கா | புதன், மாலை 6.58

உங்கள் மகள் உங்களைப் பார்த்து அழுதபோது வெட்கம் எங்கே போனது தம்பி? கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

முரசுமோட்டை மருமகள் | வியாழன், இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி. வெள்ளி சந்திப்பை அவர் இரத்துச் செய்யவில்லை. அதே ட்ரஸ்டியிடம் முன்மொழிவு பற்றிக் கேட்கப் போகிறார். குடிவரவு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்பதை முதல் வரியாகச் சொல்லும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்று மாமி வீட்டுக்குப் போய் இரும்புப் பெட்டியைத் திறந்து இரண்டு உறுதியையும் எடுத்தேன். என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் அதற்குள்தான் இருக்கிறது. 2009இல் அம்மா அதைப் பொலித்தீன் உறையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவர். மடிப்பு விழுந்த இடத்தில் என் பெயரின் ஓர் எழுத்து இல்லை. மாமி பக்கத்தில் நின்று, எதற்கு உறுதி என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மாமி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "இந்த வருட உபயத்துக்கு அவன் அனுப்பிய காசும் கடன் காசா?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன்.

பழைய எழுதுவினைஞர் | வெள்ளி, காலை 5.45

நல்லது. இன்னொன்று நினைவுக்கு வந்தது, இரவு நித்திரை வரவில்லை. ஐ.எம்.எம். 1344இல் ஒரு தெரிவு இருக்கும்: ஸ்பொன்சருக்குத் தகுதி இல்லை என்று முடிவானால் விண்ணப்பத்தை மீளப் பெறுவதா, தொடர்வதா என்று. மீளப் பெறுவதாகக் குறித்திருந்தால் காசில் பெரும்பகுதி திரும்பும், ஆனால் மேன்முறையீட்டு உரிமை போய்விடும். தொடர்வதாக இருந்தால் மறுப்புக் கிடைத்து 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். எதைக் குறித்தார் என்று பாருங்கள். தேவைப்படாது என்றுதான் நம்புகிறேன்.

முரசுமோட்டை மருமகள் | வெள்ளி, காலை 7.20

பார்த்தேன் ஐயா. மீளப் பெறுவதில் புள்ளடி இருக்கிறது. படிவம் நிரப்பியவர் கேட்காமலே போட்டிருக்கிறார்.

முரசுமோட்டை மருமகள் | ஏழு கிழமைகளுக்குப் பிறகு, சனி, மாலை 5.30

இழையைத் திறந்தே விட்டுப் போனதற்கு மன்னிக்கவும். முன்மொழிவு போட்டார். மாதம் 390 டொலர், 60 மாதம். நான்கு பரப்பின் மதிப்பீட்டுக் கடிதத்தை நான் எடுத்து அனுப்பினேன், வயலின் உறுதியையும் மொழிபெயர்த்து அனுப்பினேன். 45 நாள் போன செவ்வாயோடு முடிந்தது. எவரும் கூட்டம் கேட்கவில்லை. தமையன்தான் இரண்டு கிழமை பேசவில்லை. பட்டியலில் தன் பெயரை வங்கிகளுக்குக் கீழே பார்த்ததில் அவருக்கு மனவருத்தம்.

விசா இன்னும் வரவில்லை. கோப்பு நிலையில் மாற்றமில்லை.

தருமபுரம் அக்கா, எல்லாப் பக்கங்களும் வந்தன, 14 பக்கம். சந்தியில் அச்செடுத்து வந்து அகராதியோடு உட்கார்ந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் மாதச் செலவுப் பட்டியல் இருக்கிறது. வாடகை, பஸ், சாப்பாடு. அதற்குக் கீழே 'மனைவிக்கு அனுப்புவது: 200' என்று போட்டிருக்கிறார். எனக்கு மாதம் 350 வருகிறது. மிச்சம் 150ஐ எதில் குறைத்து அனுப்புகிறார் என்று நேற்றுக் கேட்டேன். சாப்பாட்டில் என்றார். இந்த மாதத்திலிருந்து 200 போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

தருமபுரம் அக்கா | சனி, மாலை 6.15

150 போதும் என்று சொல்லுங்கள். வயல் இந்தப் போகம் எப்படி?

முரசுமோட்டை மருமகள் | சனி, மாலை 6.22

இரணைமடுவில் தண்ணீர் இருக்கிறது அக்கா. விதைத்துவிட்டோம்.